ஆங்கிலமும் நாப்பழக்கம்

நுழையும்முன்

தாய்மொழியின் ஒலிகள் பேசத் தொடங்கும் பருவத்திலேயே நாவில் படிந்துவிடுகின்றன. பள்ளியில் கற்கும் மொழியோ முதலில் எழுத்து வடிவில், கண் வழியாகவே அறிமுகமாகிறது. கண்ணுக்குப் பழகிய சொல் நாவுக்குப் பழகாமல் நிற்கும் இடைவெளியில்தான் தயக்கம் பிறக்கிறது. அவ்விடைவெளியைக் கடக்க உதவும் எளிய கருவியாகிய நாப்பிறழ் தொடர்களைத் தமிழ் ஒலியியலின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

மேல்நிலை வகுப்பு மாணவர் பலரின் ஆங்கிலப் பாடநூலைத் திறந்தால் ஒரு காட்சியைக் காணலாம். அச்சிட்ட ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல், பென்சிலால் எழுதிய தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். வகுப்பில் எழுந்து படிக்கும் முறை வரும்போது மாணவரின் கண் அச்செழுத்தைப் பார்ப்பதில்லை. பென்சில் எழுத்தையே பார்க்கிறது. படித்தும் முடித்துவிடுகிறார். ஆனால், கேட்பவருக்கு அச்சொற்கள் விளங்குவதில்லை.

'பெரிய இளஞ்சிவப்புப் பன்றி' என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பார்க்கலாம்: பிக் பிங்க் பிக். முதற்சொல்லும் மூன்றாம் சொல்லும் எழுத்தளவில் ஒன்றாகிவிட்டன. ஆங்கிலத்திலோ அவை வேறு வேறு சொற்கள்; ஒன்று பெருமையைக் குறிப்பது, மற்றொன்று விலங்கின் பெயர். குண்டூசியைக் குறிக்கும் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே 'பின்' என்று எழுதப்படுகின்றன. இது தமிழெழுத்தின் குறையன்று. தமிழ்மொழியின் ஒலியமைப்புக்கு எது தேவையோ அதனைத் தமிழெழுத்து நிறைவாகவே செய்கிறது. பிறமொழியின் ஒலிகளை அளக்க அதனைக் கோலாகக் கொள்வதே இடர்ப்பாட்டுக்குக் காரணம்.

ஓரெழுத்தும் பல ஒலியும்

தமிழில் வல்லின எழுத்துகள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் இயல்பின. 'படம்' என்னும் சொல்லின் முதலில் வரும் பகரம் வலிந்து ஒலிக்கிறது. 'பாம்பு' என்பதில் மகரத்தை அடுத்து வரும் பகரம் தொண்டை அதிர ஒலிக்கிறது. 'கோபம்' என்பதில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் பகரம் இன்னும் மென்மையடைகிறது. இம்மாற்றம் இடத்தால் தானாகவே நிகழ்வதால் தனித்தனி எழுத்துகள் தேவைப்படவில்லை. திராவிட மொழிகளின் இப்பண்பினைக் கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் சிறப்பாக எடுத்துரைத்தார்.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அங்கே தொண்டை அதிராத ஒலியும் அதிரும் ஒலியும் சொல்லின் முதலிலேயே எதிரெதிராக நின்று பொருளை வேறுபடுத்துகின்றன. ஆகவே, தமிழ் நா 'இடம் பார்த்து ஒலிப்பது' என்னும் தன் வழக்கத்தை விட்டு, 'சொல் பார்த்து ஒலிப்பது' என்னும் புதிய வழக்கத்தைப் பழக வேண்டும். விரல்களைக் குரல்வளையின் மேல் மெல்ல வைத்துக்கொண்டு ஒலித்தால் அதிர்வு உண்டா இல்லையா என்பது தெரியும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்தால் மற்றொன்றும் புலப்படும். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அம்மொழியினர் ஒலிக்கையில் மூச்சு வெடித்து வெளிவந்து தாள் அசையும். குப்பைத்தொட்டிக்கான சொல்லில் தாள் பெரும்பாலும் அசையாது. இவ்வளவும் தெரிந்த பிறகு 'பிக் பிங்க் பிக்' என்னும் தொடரைப் பத்துமுறை ஒலிப்பது பயிற்சியாகும். தெரியாமல் ஒலிப்பது வெறும் விளையாட்டாகவே முடியும்.

தொல்காப்பியர் காட்டும் வழி

ஒலி எங்கே பிறக்கிறது, எந்த உறுப்பு எதனைத் தொடுகிறது என்று நுணுகி ஆராயும் அறிவு தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் உள்ளது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறப்பதை அவ்வியல் விளக்குகிறது. நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும், இரண்டு இதழ்களும் இயையப் பகரமும் மகரமும் பிறக்கும் என்றும், பல்லும் இதழும் பொருந்த வகரம் பிறக்கும் என்றும் அது வகுத்துரைக்கிறது.

இவற்றுள் வகரம் பற்றிய குறிப்பு இன்று ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. ஆங்கிலத்தில் வகரத்துக்கு நெருங்கிய ஒலிகள் இரண்டு உள்ளன. ஒன்று, மேற்பல் கீழிதழைத் தொட்டு உரசுவது. மற்றொன்று, பல் சற்றும் தொடாமல் இரண்டு இதழ்களும் குவிந்து விரிவது. முதல் ஒலிக்கான இடம் தமிழ் வகரத்தில் ஏற்கெனவே உள்ளது; உரசலைச் சற்றுக் கூட்டினால் போதும். புதிதாகப் பழக வேண்டியது இதழ்குவி ஒலியே. அதற்கும் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 'உ' என்று ஒலிக்க இதழைக் குவித்து, அக்குவிப்பிலிருந்தே அடுத்த உயிருக்குத் தாவினால் அவ்வொலி பிறந்துவிடும். 'மிகவும் ஈரமான மேற்குக் காற்று' எனப் பொருள்தரும் 'வெரி வெட் வெஸ்ட் விண்ட்' என்னும் தொடரில் முதற்சொல் பல்லிதழ் ஒலியில் தொடங்குகிறது. மற்ற மூன்றும் இதழ்குவி ஒலியில் தொடங்குகின்றன. கண்ணாடியின் முன் நின்று இதனைச் சொன்னால், பல் ஒருமுறை மட்டும் இதழைத் தொட்டுவிட்டு விலகி நிற்பதைக் காணலாம். நான்கு சொற்களிலும் பல் தொடுமானால் நா தமிழ் வழக்கத்திலேயே நிற்கிறது என்பது பொருள்.

கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே ஒப்புநோக்கத் தக்கது. மனிதர் பேசும்போது மூளையின் புறணியில் எழும் மின்குறிகளை அவர்கள் பதிவு செய்தனர். இதழால் பிறக்கும் ஒலிகள், முன்நாவால் பிறக்கும் ஒலிகள், பின்நாவால் பிறக்கும் ஒலிகள் எனப் பிறப்புறுப்பின் அடிப்படையிலேயே அக்குறிகள் குழுக்குழுவாக அமைந்திருந்தன. ஒலிகளைப் பிறப்பிடம் நோக்கிப் பகுத்த பண்டை இலக்கணிகளின் கண்ணோட்டத்துக்கு இக்கருவிக்காலம் மறுப்புச் சொல்லவில்லை.

நா ஏன் பிறழ்கிறது?

ஓர் ஒலியை ஒலித்து முடித்த பின்னரே அடுத்த ஒலியை மூளை எண்ணத் தொடங்குகிறது என்று கொள்வது பிழை. பேச்சு விரைவானது. ஒன்று வாயில் இருக்கும்போதே அடுத்த சில ஒலிகளுக்கான கட்டளைகள் அணியமாகிவிடுகின்றன. அவை ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருந்தால், எதனை எந்த இடத்தில் வைப்பது என்னும் குழப்பம் நேர்கிறது. பின்னே வரவேண்டியது முன்னே வந்துவிடுகிறது. ஆக்சுபோர்டின் நியூ கல்லூரித் தலைவராக விளங்கிய வில்லியம் ஆர்ச்சிபால்டு ஸ்பூனர் (1844–1930) இவ்வாறு இரண்டு சொற்களின் முதலொலிகளை இடம்மாற்றிப் பேசிவிடுவதில் பெயர்பெற்றவர். அவ்வகைப் பிறழ்ச்சிக்கு அவர் பெயரையே ஆங்கிலேயர் இட்டு வழங்குகின்றனர்.

தமிழில் இப்பிறழ்ச்சி இலக்கணத்திலும் இடம்பெற்றுள்ளது. தசை என்பது சதை என்றும், விசிறி என்பது சிவிறி என்றும் எழுத்து நிலைமாறி வழங்குவதைப் போலி என்னும் பகுதியில் மாணவர் படித்திருப்பர். குழந்தைகள் குதிரையைக் 'குருதை' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நாவின் பிழையாகத் தொடங்கியவற்றுள் சில, ஊரார் ஒப்புக்கொண்டதால் சொல்லாகவே நிலைபெற்றுவிட்டன.

நாப்பிறழ் தொடர் என்பது இக்குழப்பத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் கட்டமைப்பு. ஒத்த பிறப்பிடமுடைய இரண்டு அல்லது மூன்று ஒலிகளை நெருக்கமாக மாற்றி மாற்றி அடுக்குவதே அதன் நுட்பம். 'சிக்ஸ் ஷார்ட் சில்க் ஷர்ட்ஸ்' என்னும் தொடரில் பல்லின் பின்புறத்தில் பிறக்கும் சீறொலியும், நா சற்றுப் பின்வாங்க அண்ணத்தருகே பிறக்கும் சீறொலியும் ஒன்றுவிட்டு ஒன்றாக வருகின்றன. நாவின் நகர்வு மிகச் சிறியது. அச்சிறு நகர்வைத் தவறாமல் செய்ய இயலுமாயின் இரண்டு ஒலிகளும் தனித்தனியே நாவில் நிலைபெற்றன எனலாம்.

தாய்மொழியினர் மட்டும் இவற்றைத் தடுமாறாமல் சொல்லிவிடுவர் என்று எண்ண வேண்டியதில்லை. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ஷட்டக் ஹஃப்னாகல் என்னும் ஆய்வாளர், மிகக் கடினமானதெனத் தாம் கருதிய ஓர் ஆங்கிலத் தொடரை 2013இல் ஒலியியல் கழகக் கூட்டமொன்றில் அறிவித்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதனைப் பலமுறை சொல்ல முயன்று இடையில் நின்றுவிட்டனர். வகுப்பறையில் இச்செய்தியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. எல்லார் நாவும் தடுமாறும் இடத்தில் ஒருவர் நா தடுமாறுவதைக் கண்டு நகைக்க எவருக்கும் உரிமையில்லை.

பழைய வழக்கங்கள்

ஆங்கிலத்தில் இத்தகைய தொடர்களை ஒலிப்புப் பயிற்சிக்கெனத் தொகுத்த நூல் 1813ஆம் ஆண்டிலேயே இலண்டனில் வெளிவந்துவிட்டது. ஜான் ஹாரிஸ் என்னும் பதிப்பாளர் வெளியிட்ட அந்நூலில், பீட்டர் பைப்பர் என்பவர் ஊறவைத்த மிளகாய்களை எடுத்ததைச் சொல்லும் புகழ்பெற்ற தொடர் இடம்பெற்றது. ஆங்கில அகரவரிசையின் எழுத்துகளுக்கு அதே அச்சில் ஒவ்வொரு தொடர் அமைக்கப்பட்டிருந்தது. கடற்கரையில் கிளிஞ்சல் விற்கும் பெண்ணைப் பற்றிய தொடர் 1908இல் ஒரு பாடலாகப் பரவியது. அப்பெண், தொல்லுயிர் எச்சங்களைத் தேடிக் கண்டெடுத்த மேரி ஆனிங் என்னும் அறிவியல் ஆர்வலரே என்று பலர் சொல்வதுண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, சான்று இல்லை.

இவற்றுக்கெல்லாம் நெடுங்காலத்துக்கு முன்பே, கிரேக்க நாட்டுச் சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு பேசிப் பழகித் தம் திக்குவாயை வென்றதாகப் புளூடார்க் எழுதியுள்ளார். இதனை எந்த மாணவரும் பின்பற்ற வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதைச் சொல்லும் தொடரைக் கேளாத குழந்தைகள் குறைவு. தாத்தா தைத்த சட்டையைப் பற்றியது மற்றொன்று. முதல் தொடர் ழகரத்தையும் லகரத்தையும் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவது தகரத்தையும் சகரத்தையும் மாற்றி மாற்றிப் பழக்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் ஒலியியல் ஆசிரியராக இருந்த பள்ளி அது.

புலவர்களும் இதில் பின்தங்கவில்லை. தகர வருக்கம் மட்டுமே கொண்டு பாடிய பாடல்களும், ககர வருக்கம் மட்டுமே கொண்டு பாடிய பாடல்களும் காளமேகப் புலவர் பெயரில் வழங்குகின்றன. அருணகிரிநாதருக்கும் வில்லிபுத்தூராருக்கும் நடந்த வாதில், தகர வருக்கத்தால் ஆகிய கந்தரந்தாதிப் பாடலுக்கு வில்லிபுத்தூரார் பொருளுரைக்க இயலாமல் நின்றார் என்று செவிவழிக் கதையொன்று கூறுகிறது. வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அருணகிரியார் திருவண்ணாமலையோடு தொடர்புடையவர். கதை நிகழ்ந்ததோ இல்லையோ, நடுநாட்டு மண்ணில் நாவின் திறம் மதிக்கப்பட்டதற்கு அது சான்று.

> தெரிந்து தெளிவோம்
> திருவாரூர் மாவட்டம் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் (1869–1946), சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராகவும், 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். ஆங்கிலச் சொல்லாட்சியாலும் ஒலிப்புத் தூய்மையாலும் 'வெள்ளிநாக்குப் பேச்சாளர்' என்று ஆங்கிலேயராலேயே போற்றப்பட்டார்.

தமிழ் நாவின் முதலீடுகள்

ஆங்கில ஒலிப்பு என்றாலே தமிழ் மாணவரிடம் இல்லாதவற்றின் பட்டியலைப் படிப்பது பலரின் வழக்கம். உள்ளவற்றையும் எண்ண வேண்டும்.

'அது' என்று இயல்பாகப் பேசும்போது வரும் தகரத்தைக் கூர்ந்து கவனித்தால், நா பல்லை அழுத்தமாக அடைக்காமல் காற்று கசியும்படி மெல்லத் தொடுவது தெரியும். ஆங்கிலத்தில் சுட்டுப்பொருள் தரும் சொற்களின் முதலொலி ஏறத்தாழ இதுவே. தமிழில் சொல்லின் இடையில் மட்டும் வரும் அவ்வொலியை ஆங்கிலத்தில் சொல்லின் முதலிலும் ஒலிக்க வேண்டும், அவ்வளவே. 'அது' என்பதில் அகரத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் அவ்வொலி முதலில் வந்து நிற்கும்.

ழகரத்தின் பயன் இன்னும் பெரிது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒலிக்கும் ரகரம், தமிழ் ரகரத்தைப் போல அண்ணத்தைத் தட்டுவதில்லை. நா வளைந்து, எதனையும் தொடாமல் நிற்க, காற்று வழுவி வெளியேறுகிறது. அவ்வகையில் அது ழகரத்துக்கு நெருங்கிய உறவுடையது. ழகரத்தைச் செம்மையாக ஒலிப்பவருக்கு ஆங்கில ரகரம் பாதிவழியில் வந்து காத்திருக்கிறது. தமிழகத்தின் வடபகுதியில் ழகரம் யகரமாகவும் தென்பகுதியில் ளகரமாகவும் மாறி ஒலிப்பதைக் கேட்கிறோம். ழகரத்தை மீட்டுக்கொள்வது தமிழுக்குச் செய்யும் தொண்டு மட்டுமன்று, ஆங்கிலத்துக்கும் முதலீடு என்று சொன்னால் மாணவர் சிலராவது செவிசாய்ப்பர்.

றகரத்தின் கதை வியப்பானது. ஆங்கிலத்தின் டகரம் தமிழ் டகரத்தைப் போல நாவை மடித்து ஒலிப்பதன்று. தகரத்தைப் போலப் பல்லைத் தொடுவதும் அன்று. இரண்டுக்கும் இடையே, மேற்பல்லின் ஈறு மேடாகும் இடத்தில் நுனிநா ஒற்றப் பிறப்பது. பழந்தமிழில் வல்லின றகரம் பிறந்த இடமும் அதுவே. ஈழத்தமிழர் இன்றும் 'காற்று', 'வெற்றி' முதலிய சொற்களில் இவ்வொலியைக் காத்து வருகின்றனர். அதனால்தான் தமிழகத்தில் 'டொராண்டோ' என்று எழுதும் நகரத்தின் பெயரை, அங்கேயே குடியேறி வாழும் ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்று எழுதுகின்றனர். தமிழக வாசகருக்கு விந்தையாகத் தோன்றும் அவ்வெழுத்துமுறைக்குப் பின்னால் நுட்பமான செவி இருக்கிறது.

பழக வேண்டிய ஒலிகளும் உள்ளன. பகரத்தில் உரசல் இல்லை. ஆய்தத்தை முன்னிட்டு 'ஃப' என எழுதிக் காட்டும் ஒலி, மேற்பல் கீழிதழை உரசப் பிறப்பது. 'ஃபோர் ஃபைன் பிங்க் ஃபேன்ஸ்' என்னும் தொடரில் மூன்றாம் சொல்லில் மட்டும் இதழ்கள் முழுமையாக மூட வேண்டும். சகரத்தைத் தொண்டை அதிர ஒலிக்கும் சீறொலியும் தமிழுக்குப் புதிது. வண்டின் ரீங்காரத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் வரும்.

தனியொலிகளைவிடச் சொல்லின் முதலும் ஈறும்தான் தமிழ் நாவை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது. ஆகவே 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. தமிழில் வல்லின மெய் சொல்லுக்கு ஈற்றில் நில்லாது. ஆகவே 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது. குற்றியலுகரம் குறுக்கே வந்து உதவுகிறது. இலக்கண வகுப்பில் மொழிமுதல் எழுத்துகள், மொழியிறுதி எழுத்துகள் என்று மனப்பாடம் செய்த விதிகள் ஆங்கில வகுப்பில் நாவின் நுனியில் வேலை செய்துகொண்டிருப்பதை மாணவர் பெரும்பாலும் உணர்வதில்லை. 'ஸ்மால் ஸ்டீல் ஸ்டூல்' என்னும் தொடர் முதலில் வரும் இகரத்தை நீக்கப் பயன்படும். சீறொலியைப் பாம்பு போல நீட்டி ஒலித்து, பிறகு அடுத்த மெய்யைச் சேர்த்தால் இகரத்துக்கு இடமிராது. 'புட் பேக் தட் பிளாக் புக்' என்னும் தொடரில் ஐந்து சொற்களும் வல்லொலியில் முடிகின்றன. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் வாயை அடைத்தபடி ஒரு நொடி நிறுத்திப் பழகினால் ஈற்று உகரம் தானே உதிரும்.

மலையிலிருந்து இறங்கி வருவோர்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து, கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை அமைந்துள்ளது. வெள்ளிமலையை நடுவாகக் கொண்ட சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இப்பெயர் கேரள மக்களைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர் என்னும் பொருளுடையது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. அவர்கள் பேசுவது தமிழின் ஒரு கிளைமொழி.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயிலும் இம்மலை மாணவருக்கு, நூலில் அச்சிட்ட எழுத்துத்தமிழே வீட்டுப் பேச்சிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறது. ஆங்கிலம் இன்னும் தொலைவில் உள்ளது. மேற்படிப்புக்காகக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கோ அதற்கப்பால் உள்ள நகரங்களுக்கோ இறங்கி வரும் ஒரு மாணவி, முதல் நாள் வகுப்பில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள எழுந்து நிற்கிறாள் எனக் கொள்வோம். அவள் கணக்கில் கெட்டிக்காரியாக இருக்கலாம். முதல் சொல்லின் முதலொலிக்கே பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் அவள் வாய் திறவாமல் இருந்துவிடக்கூடும். ஐயம் கேட்கமாட்டாள், நேர்முகத் தேர்வில் தெரிந்த விடையையும் சொல்லமாட்டாள். ஒலிப்புப் பயிற்சியின் உண்மையான பயன் இங்கேதான் அளக்கப்பட வேண்டும். ஆங்கிலேயரைப் போலப் பேசவைப்பது அதன் நோக்கமாக இருக்க இயலாது.

ஒலிச்சாயல் வேறு, தெளிவு வேறு. குடியரசுத் தலைவராக இருந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் உரையாற்றினார். இராமேசுவரத்தின் ஒலிச்சாயல் அவர் ஆங்கிலத்தில் இறுதிவரை இருந்தது. அவர் சொன்னது விளங்கவில்லை என்று எவரும் சொல்லவில்லை. சாஸ்திரியாரின் ஆங்கிலமும் கலாமின் ஆங்கிலமும் ஒரே ஒலிப்பினவல்ல. இரண்டும் கேட்போர் உள்ளத்தைச் சென்றடைந்தன. 'பெரிய' என்பதற்கும் 'பன்றி' என்பதற்கும் வேறுபாடு தெரியுமாறு ஒலிப்பது கட்டாயம். அதற்குமேல் இலண்டன் வாடையோ நியூயார்க் வாடையோ சேர்ப்பது அவரவர் விருப்பம்.

பயிற்சியின் முறை

நாப்பிறழ் தொடரை வேகப் போட்டியாக நடத்துவது பரவலான தவறு. வேகம் இறுதியில் வர வேண்டியது. முதற்படி செவிக்குரியது. இரண்டு சொற்களை ஆசிரியர் மாற்றி மாற்றிச் சொல்ல, எது சொல்லப்பட்டது என்பதை மாணவர் கைவிரலால் காட்ட வேண்டும். செவி பிரித்தறியாத ஒலியை நா பிரித்து ஒலிக்காது. இப்படியைத் தாண்டிச் செல்லும் பயிற்சிகள் எல்லாம் வீணாகின்றன. பின்னர், உறுப்பின் இடத்தை அறிதல். அதன்பின், தொடரைச் சொல் சொல்லாக, நடைபழகும் குழந்தையைப் போல மெதுவாக ஒலித்தல். வகுப்பு முழுவதும் ஒரே குரலாகச் சொல்லும்போது கூச்சமுள்ளவரின் குரல் மற்றவர் குரலில் மறைந்துகொள்ளும். அம்மறைவு அவருக்குத் தேவை. தனித்துச் சொல்லும் துணிவு வந்த பிறகே அவரை எழுப்ப வேண்டும். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதுமானது. வாரத்துக்கு ஒருமுறை ஒருமணி நேரம் செய்வதில் பெரும்பயன் இல்லை.

ஆங்கிலத் தொடர்களைத் தொடங்குமுன் ஒரு தமிழ்த் தொடரைச் சொல்வது நாவை இளக்கும். 'மலைக்கிழவி மழைவெள்ளத்தில் மரவள்ளிக்கிழங்கு கழுவினாள்' என்பதை மும்முறை பிழையின்றிச் சொல்லும் நா, அன்றைய ஆங்கிலப் பயிற்சிக்கு அணியமாகிவிட்டது. கழுவும் கிழவி கல்வராயன் மலையைச் சேர்ந்தவளாக இருந்தால் அம்மலை மாணவருக்கு இன்னும் நெருக்கமாகும்.

இக்கருவிக்கு எல்லையும் உண்டு. ஆங்கிலச் சொற்களில் ஏதேனும் ஓர் அசை அழுத்தம் பெறும். மற்ற அசைகள் தேய்ந்து ஒலிக்கும். தமிழில் அத்தகைய அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. அசைகள் பெரும்பாலும் ஒத்த வலிமையோடு நடக்கின்றன. நிழற்படத்தைக் குறிக்கும் 'ஃபோட்டோகிராஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லில் முதலசை அழுத்தம் பெறுகிறது. நிழற்படக் கலையைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்து, முதலசையும் மூன்றாம் அசையும் தேய்கின்றன. தனியொலிகள் அனைத்தும் செம்மையாக இருந்தும் அழுத்தம் இடம்மாறினால் கேட்பவர் திகைப்பர். நாப்பிறழ் தொடர்கள் இதனைக் கற்பிக்க மாட்டா. வானொலிச் செய்திகளையும் நல்ல உரைகளையும் கேட்டு, கேட்டவாறே தாளத்தோடு திருப்பிச் சொல்லிப் பழகுவதே அதற்கு வழி.

அயல்நாட்டுத் தொடர்களை மனப்பாடம் செய்வதைவிட, தம் நாவுக்கு எது தடையோ அதற்கேற்ற தொடரை மாணவர் தாமே அமைப்பது சிறந்தது. கிளிஞ்சல் விற்கும் பெண்ணைக் காணாத மலை மாணவர், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சேகோ ஆலைகளுக்குச் செல்லும் லாரிகளை நாள்தோறும் காண்கின்றனர். 'டூ டால் டிரக்ஸ் டேக் டேப்பியோக்கா டு டவுன்' என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லின் முதலொலியையும் நாவை மடிக்காமல், பழைய றகரத்தின் இடத்தில், ஈற்றுமேட்டில் நுனிநா ஒற்ற ஒலிக்கலாம். ஏழு இடங்களிலும் நா மடியாமல் நின்றால், பென்சிலால் எழுதிய தமிழ் எழுத்துகளை அழித்துவிட்டு அச்செழுத்தைப் பார்த்தே அதனைப் படிக்கலாம்.